பெங்களூரில் அம்மாவுக்கு ஒரு வீடு: பட்ட பிறகு தெரிந்தவை

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டேன். நான் ஒரே பெண். கணவருக்கு மஸ்கட்டில் வேலை, வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். பையனுக்கு 23 வயது, அமெரிக்க ஷிப்டில் வேலை செய்கிறான். அம்மாவுக்கு 72. வெவ்வேறு வயதில் மூன்று பேர், மூவரும் அவரவர் வழக்கங்களோடு வாழ்ந்து பழகியவர்கள். வயதான அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வருவது என்றால் ஒரு கட்டில் வாங்கிப் போடுவதும் மாத்திரை டப்பாவும்தான் என்று எல்லோரும் பேசுவார்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு என்ன ஆகும், வருபவருக்கு என்ன ஆகும், வீட்டு ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தக் குழப்பத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்ச ரூபாய் போனது. ஒன்றரை வருட நிம்மதியும் போனது. அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

அப்போது முருகேஷ்பாளையாவில் இரண்டு பெட்ரூம் வீட்டில் இருந்தோம். அம்மா வந்ததும் பையன் தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிட்டான். நல்ல மனசோடுதான் கொடுத்தான். ஆனால் அவன் வேலை முடிந்து படுக்கவே காலை நாலு மணி ஆகும். அம்மா எழுந்திருப்பது ஐந்து மணிக்கு. நாற்பது வருடமாக எழுந்தவுடன் காபி, பிறகு குக்கர். முதல் வாரத்தில் ஒரு நாள் குக்கர் விசில் சத்தத்தில் அவன் திடுக்கிட்டு எழுந்து, "பாட்டி, ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை. மறுநாளிலிருந்து அம்மா குக்கரைத் தொடவில்லை. பாத்திரத்தில் சாதம் வைத்து, பொங்காமல் பக்கத்திலேயே நின்று, கஞ்சி வடித்தாள். சுப்ரபாதத்தை நிறுத்த மனமில்லாமல் போனை மிகக் குறைந்த சத்தத்தில் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். அதைப் பார்த்த அன்று எனக்கு நெஞ்சு அடைத்தது. இரண்டு பேர் மேலும் கோபப்பட முடியாது. இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, தூக்கத்தையும் பழக்கத்தையும் இழந்துகொண்டிருந்தார்கள்.

அதனால் சொல்கிறேன், பெரியவர்கள் வருவதற்கு முன்பே வீட்டிலுள்ள எல்லோரும் உட்கார்ந்து நேரம் பேசுங்கள். யார் எப்போது தூங்குவார்கள், காலையில் பாத்ரூம் யாருக்கு எத்தனை மணிக்கு, டிவி எந்த அறையில், சமையல் யார் கையில், வேலைக்குப் போகும் பிள்ளை வீட்டுச் செலவுக்கு எவ்வளவு தருகிறான், இவ்வளவும். சின்ன விஷயமாகத் தோன்றும். பாசம் குறைவதால் வரும் சண்டைகளை நான் எங்கள் வீட்டில் பார்க்கவில்லை. எல்லாம் இந்த மாதிரி நேரக் கணக்கில்தான் முளைத்தன. இன்னொன்று, முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு எந்தப் பெரிய முடிவும் வேண்டாம். வந்து இருந்து பார்ப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வீட்டை விற்கவோ முழுவதும் காலி செய்யவோ வேண்டாம். கும்பகோணம் வீட்டை நாங்கள் பூட்டி மட்டும் வைத்திருந்தது பிறகு பெரிய பலமாக இருந்தது.

எல்லோருக்கும் ஓர் அறை கிடைத்தால் சரியாகிவிடும் என்று ஹூடி பக்கம் பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றில் மூன்று பெட்ரூம் வீடு பார்த்தோம். லிப்ட் உண்டு, நடைபாதை உண்டு, கணவர் லீவில் வந்தால் இடமும் உண்டு. வாடகை 52,000, பராமரிப்புக் கட்டணம் தனியாக 5,000, அட்வான்ஸ் மூன்று லட்சம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 52,000. வீடு மாற்ற 18,000 ஆனது. ஒப்பந்தம் வழக்கமான பதினோரு மாதத்துக்கு. அதில் பதினோரு மாதமும் லாக்-இன், அதாவது அதற்கு முன் காலி செய்தால் மீதி மாத வாடகையும் தர வேண்டும், காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்று இருந்தது. புரோக்கர், "பெங்களூர்ல எல்லாருமே இப்படித்தான் மேடம் போடறாங்க" என்றார். இந்த ஊரில் அது உண்மைதான், ஒரு காலத்தில் பத்து மாத அட்வான்ஸே சாதாரணம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் அது மாநிலங்கள் எடுத்துக்கொள்வதற்கான மாதிரி மட்டுமே. வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லி வாதாடிப் பயனில்லை, ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோமோ அதுதான் நம்மைக் காக்கும்.

அந்த வீட்டில் அம்மா வாடிப்போனாள். ஒன்பதாவது மாடி. பால்காரர், காய்கறி, கூரியர் யார் வந்தாலும் கேட்டிலிருந்து அனுமதி கேட்டு என் போனுக்குத்தான் மணி அடிக்கும். ஒரு நாள் மதியம் அம்மா கீழே நடக்கப் போனவள் எந்த டவர் என்று தெரியாமல் சுற்றியிருக்கிறாள். எல்லாக் கட்டிடமும் ஒரே நிறம், ஒரே வாசல். காவலாளி இந்தியில் கேட்க, இவள் தமிழில் சொல்ல, கடைசியில் என் நம்பரைக் காட்டியிருக்கிறாள். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த எனக்கு போன் வந்தது. அன்றைக்குப் பிறகு அவள் தனியாகக் கீழே இறங்கவே இல்லை. "கீழ என்ன இருக்கு, வேண்டாம்டி" என்று முடித்துவிடுவாள். கும்பகோணத்தில் கும்பேஸ்வரர் கோவில், கடைத்தெரு, பக்கத்து வீட்டுத் திண்ணை என்று நாள் முழுக்க நாலு பேரோடு பேசியவள், மாலையில் நான் வரும்வரை வாயே திறக்காமல் இருந்தாள். சாப்பாடு குறைந்தது, சர்க்கரை ஏறியது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். பையனும் அலுவலகம் தூரம் என்று மாரத்தஹள்ளியில் ஒரு பிஜியில் (சாப்பாட்டோடு தங்கும் விடுதி) சேர்ந்துவிட்டான். மூன்று பெட்ரூம் வீட்டில் இரண்டு பேர், பகலில் ஒருத்தி.

வயதானவர்களுக்கு லிப்டும் நடைபாதையும் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இடம் பார்க்கும்போது நான் இப்போது முதலில் கேட்பது வேறு. தானாக வாசலைத் திறந்து வெளியே போய், யாரையும் கேட்காமல் திரும்பி வர முடியுமா? நடக்கிற தூரத்தில் தன் மொழியில் பேச ஒரு கடைக்காரராவது இருக்கிறாரா? இந்த இரண்டும் இல்லையென்றால் மற்ற வசதி எல்லாம் இருந்தும் அவர்கள் அறைக்குள்தான் கிடப்பார்கள்.

எட்டாவது மாதம் காலி செய்கிறோம் என்று சொன்னதும் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டினார். லாக்-இன் பாக்கிக்கு மூன்று மாதம் கேட்டு, கெஞ்சி இரண்டு மாதமாகக் குறைத்தோம், 1,04,000. பெயிண்டிங் 52,000. சுத்தம் செய்ய 8,000. மூன்று லட்சத்தில் 1,36,000 திரும்பி வந்தது, அதுவும் இழுத்தடித்துத்தான். புரோக்கர் கூலி, இரண்டு முறை வண்டி வாடகை எல்லாம் சேர்த்தால் இரண்டரை லட்சம். அந்தப் பணம் என் கணவர் ஊரைவிட்டுப் போய் வெயிலில் நின்று சம்பாதித்தது. பல நாள் தூக்கம் வரவில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் மருத்துவக் காரணம் வந்தால் லாக்-இன் பொருந்தாது, ஒரு மாத நோட்டீஸ் போதும் என்று ஒரு வரி. ஒரு வருடத்துக்குள் காலி செய்தால் பெயிண்டிங் பிடித்தம் இல்லை, அல்லது உண்மையான செலவு மட்டும் என்று ஒரு வரி. சாவி கொடுத்த இத்தனை நாளுக்குள் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று ஒரு தேதி. குடி வரும் நாளில் சுவர், குழாய், அலமாரி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். வாயால் "பாத்துக்கலாம்" என்பவர்கள் காலி செய்யும் நாளில் காகிதத்தைத்தான் எடுப்பார்கள்.

தனி வீடு என்ற யோசனை அம்மாவிடமிருந்துதான் வந்தது. "எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தாப் போதும்டி. உன் பக்கத்துலயே இருக்கேன், ஆனா என் வீட்ல இருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயமும் வந்தது. வந்த பேச்சும் அப்படித்தான், "ஒரே பொண்ணு, அவளும் அம்மாவைத் தனியா வச்சுட்டா" என்று சித்தி வரை போனில் கேட்டுவிட்டார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் கும்பகோணத்தில் அப்பாவும் அம்மாவும் எந்தப் பிள்ளையும் இல்லாமல்தானே வாழ்ந்தார்கள்? மத்திய அரசு 2017-18-ல் முதியோர் பற்றி நடத்திய லாசி ஆய்வில் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 6 சதவீதம் பேர் தனியாகவும், ஐந்தில் ஒருவர் கணவன் மனைவி மட்டுமாகவும் வசிப்பதாகத் தெரிந்தது. தனியாக இருப்பதே கைவிடப்படுவதாகாது. கூப்பிட்ட குரலுக்கு யார் வருகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அம்மா வீடு, என் வீடு இரண்டுக்கும் இடம் அல்சூர் என்று முடிவு செய்தோம். தமிழ் பேசும் கடைகள், சோமேஸ்வரர் கோவில், ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும், எனக்கு ஆபீஸ் போக மெட்ரோ. வீடு தேடிய மாதங்கள்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. போனில் எல்லாம் சரியாகப் பேசுவார்கள், வயதான அம்மா தனியாக இருக்கப் போகிறாள் என்றதும் குரல் மாறும். ஜோகுபாளையாவில் ஒரு வீடு அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தரைத்தளம், சின்ன முற்றம், துளசி வைக்க இடம். வீட்டுக்கார அம்மாள் அன்பாகத் தண்ணீர் எல்லாம் கொடுத்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "ஒப்ரே இர்தாரா?" என்று கேட்டார். ஆமாம், தனியாகத்தான், நான் இரண்டு தெரு தள்ளி இருப்பேன் என்றேன். "பேடா மேடம், ஏனாத்ரூ ஆத்ரே?" என்றார். வேண்டாம், ஏதாவது ஆகிவிட்டால்? அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது, ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கிவிட்டாள். ஆட்டோவில் வரும்போது, "நான் செத்துருவேன்னு பயப்படறாங்க" என்று மட்டும் சொன்னாள். வயதானவர்களை வீடு பார்க்க முதல் முறையே கூட்டிப் போகாதீர்கள். நீங்கள் போய்ப் பேசி, வீட்டுக்காரர் சம்மதித்த பிறகு காட்டுங்கள். அந்த வார்த்தையை அவர்கள் நேரில் கேட்க வேண்டாம்.

இதற்கு நடுவில் ஒரு புரோக்கர் லீஸ் வீடு காட்டினார். மொத்தமாக எட்டு லட்சம் கொடுத்தால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பும். நம் ஊர் ஒத்தி மாதிரிதான். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியும், கையிலிருக்கும் சேமிப்பைப் போட்டுவிடுவார்கள். தெரிந்த வக்கீல் சொல்லி வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். கர்நாடகத்தில் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்திலேயே எடுக்கலாம். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் பதிவாகி இருந்தது. கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்தால் நம் எட்டு லட்சத்துக்கு யாரிடம் போய் நிற்பது? லீஸ்தான் வேண்டும் என்றால் வீட்டுப் பத்திரமும் வில்லங்கமும் பார்த்து, ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வெறும் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி போட்டது போதாது. வீட்டுக்காரர் பெயரில் அல்லாமல் இடையில் ஒருவர் வாங்கி உள்வாடகை விடும் லீஸ் பக்கம் போகவே வேண்டாம்.

கடைசியில் கிடைத்த வீட்டுக்காரம்மாவுக்கும் அதே பயம் இருந்தது. அவர் மாடியில் இருக்கிறார், வேலூர்ப் பக்கத்துக்காரர். இந்த முறை நான் தயாராகப் போனேன். ஒரு பக்கத்தில் எழுதிய கடிதம்: ஒப்பந்தம் என் பெயரில், குடியிருப்பவர் என் அம்மா, வாடகைக்கு நான் பொறுப்பு. என் நம்பர், பையன் நம்பர், டாக்டர் நம்பர், எந்த ஆஸ்பத்திரி, என்னென்ன மாத்திரை. உடம்பு சரியில்லை என்றால் உடனே வந்து நான் பார்த்துக்கொள்வேன், உங்களுக்கு எந்த வேலையும் வராது. மாற்றுச் சாவி என்னிடம் இருக்கும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "சரிம்மா, யாரும் இப்படி எழுதிக் கொடுத்ததில்ல" என்றார். வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். அவர்களுடைய பயத்தைக் குறை சொல்லி வீடு கிடைக்காது, அதற்குக் காகிதத்தில் பதில் கொடுத்தால் கிடைக்கிறது. அந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

காகித வேலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆதார் முகவரியை மாற்ற அம்மா பெயரில் ஆவணம் எதுவும் இல்லை. குடும்பத் தலைவர் வழியாக மாற்றும் வசதி 2023 முதல் இருக்கிறது. என் ஆதாரைக் கொடுத்து, உறவுக்கு அம்மா பெயருள்ள என் பாஸ்போர்ட்டைக் காட்டி, 30 நாளுக்குள் நான் இணையத்தில் சம்மதம் கொடுத்தால் என் முகவரி அம்மாவுக்கும் ஆகிவிடுகிறது. கர்நாடக முகவரி வந்ததும் அரசு சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கான சக்தி திட்டத்தில் அம்மாவுக்கு இலவசப் பயணம். சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குத் தானே போய் வருகிறாள். கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரம்புக்குள் கரண்ட் இலவசம், வாடகைக்கு இருப்பவர்களும் பதியலாம், ஆனால் அந்த வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும். வீடு பார்க்கும்போதே மீட்டரைக் கேளுங்கள். ஊர் ரேஷன் கார்டையும் வாக்காளர் பதிவையும் என்ன செய்வது என்று முடிவு செய்த பிறகே ஆதாரில் கை வையுங்கள். கேஸுக்கு அம்மா ஒரு 5 கிலோ சின்ன சிலிண்டர் வைத்திருக்கிறாள், முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கிறது.

அப்பா தனியார் வேலையில் இருந்தவர், அம்மாவுக்கு இபிஎப்ஓ (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம்) தரும் விதவை ஓய்வூதியம் சிறு தொகை வருகிறது. 2025 ஜனவரி முதல் அதை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம் என்பதால் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஆயுள் சான்றிதழை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். அம்மாவின் விரல் ரேகை தேய்ந்து போனதால் இதுதான் வழியாக இருந்தது. இந்த ஓய்வூதியத்துக்கு அது ஒரு வருடம் செல்லும்.

மருத்துவக் காப்பீட்டில்தான் எனக்கு மிகுந்த பதற்றம். ஆபீஸ் பாலிசியில் பெற்றோரைச் சேர்ப்பது புதுப்பிக்கும் மாதத்தில் மட்டும்தான் என்றார்கள். வெளியில் கேட்டால் சர்க்கரை இருப்பதால் வருடத்துக்கு 60,000-க்கு மேல். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம், 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி அதற்கு மேல் வைக்கக்கூடாது. வேலை மாறினால் ஆபீஸ் பாலிசி அன்றே போய்விடும் என்பதால், பெற்றோர் அறுபதுகளில் இருக்கும்போதே தனி பாலிசி ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். 70 வயது ஆகிவிட்டால் வருமான வரம்பில்லாத, அரசு இலவச மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் கார்டும் எடுங்கள், ஆனால் உங்கள் வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி அதை ஏற்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் வீட்டை என் பெயருக்கு எழுதிவிடச் சொல்லி உறவினர்கள் அம்மாவை நச்சரித்தார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் மட்டும் செய்தோம். சொத்து கையில் இருப்பது வயதானவர்களுக்குத் தைரியம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பிள்ளை நல்ல பிள்ளையாக இருந்தாலும் இது வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் அவர்கள் போனில் போட்டுக் கொடுங்கள்.

இப்போது என் இரண்டு பெட்ரூம் வீட்டு வாடகை 32,000, அம்மா வீடு 14,000. இரண்டும் சேர்த்து 46,000. ஹூடியில் ஒரே வீட்டுக்குப் பராமரிப்போடு 57,000 கொடுத்தோம். பையன் பிஜியை விட்டுவிட்டு வந்துவிட்டான், மாதம் 10,000 வீட்டுக்குத் தருகிறான், பகலில் கதவைச் சாத்தித் தூங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அம்மா வீட்டில்தான் சாப்பாடு, அவள் குக்கரிலேயே வைக்கிறாள். வருடத்தில் இரண்டு முறை ரயிலில் கும்பகோணம் போய் வருகிறாள். ஊர் வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட்டு, பின்பக்கம் ஓர் அறையை அவளுக்கென்று வைத்திருக்கிறோம். ரயிலில் மூத்தோர் சலுகை 2020-ல் நின்றது நின்றதுதான், ஆனால் டிக்கெட் எடுக்கும்போது கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த ஏற்பாடு அம்மாவால் தானே சமைத்து, தானே குளிக்க முடிகிறவரைதான் நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதையும் அம்மாவை உட்காரவைத்தே பேசினோம். இரவில் தனியாக இருக்க முடியாத நிலை வந்தால் முதலில் பையன் அங்கே போய்ப் படுப்பான், அவனுக்கு ஷிப்ட் இருக்கும் நாளில் நான். அதுவும் போதாதபோது பகலுக்கு ஓர் ஆள் வைப்பது, அதற்கும் பிறகுதான் என் வீட்டுக்கு வருவது. முதியோர் இல்லம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் எதுவரை வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்பதையும் கேட்டு எழுதி, அவள் கையெழுத்தோடு டாக்டரிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் அம்மா வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்காரம்மா வாடகையில் ஐந்து சதவீதம் ஏற்றிக் கேட்டிருக்கிறார், பாத்ரூமில் கைப்பிடி போட அனுமதி கொடுத்தால் சரி என்று சொல்லியிருக்கிறேன்.